சோர்ஸ் பக்கம் யாரும் பார்ப்பதில்லை

எங்கள் கல்லூரியில் தாத்தாக்கள் சாவது நின்றுபோன வருடம் அது.

அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு செமஸ்டரிலும் அவர்கள் கொத்துக் கொத்தாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். இன்டர்னல் தேர்வுக்கு முந்தின வாரம் சாவு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். எங்கள் வகுப்பில் ஒருத்தனுக்கு மூன்றாம் வருடத்துக்குள் ஐந்து தாத்தாக்கள் காலி. "அஞ்சாவது தாத்தா எந்தப் பக்கம்பா?" என்று எச்.ஓ.டி. கேட்டபோது, "அம்மாவோட அப்பாவுக்குத் தம்பி சார், தூக்கி வளத்தவரு" என்று கண்கூடக் கலங்கினான்.

பிறகு தணிப்பான் வந்தது. கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். துக்கத்தைக் குறைக்கக் கருவி வந்துவிட்டபடியால் துக்க விடுப்பு இனி அவசியமற்றதாகக் கருதப்படுகிறது. அன்றோடு தமிழ்நாட்டுத் தாத்தாக்களின் ஆயுள் கூடியது.

தணிப்பான் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். அளவும் நிறமும் புளியங்கொட்டை மாதிரி என்பதால் ஜனங்கள் அதைப் புளியங்கொட்டை என்றே சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் உடம்பை ஒப்படைக்கிற கவுன்டருக்கு அடுத்த கவுன்டரிலேயே மாட்டிவிடுவார்கள். துக்கம் மூளையிலிருந்து நெஞ்சுக்கு இறங்குகிற நரம்பு காதுக்குப் பின்னால்தான் போகிறதாம். அங்கேயே பிடித்துக் குறைத்து அனுப்பிவிடும். வாரத்துக்கு ஒரு பட்டன் பேட்டரி மாற்ற வேண்டும். ஒரு வருடம் போட்டுக்கொண்டால் போதும், அதற்குள் துக்கம் தானாகத் தீர்ந்திருக்கும், அப்புறம் கழற்றிவிடலாம் என்று கம்பெனி சொன்னது.

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு மாட்டினார்கள், எனக்கும் அம்மாவுக்கும். என் அக்கா ஃபிலோமினா காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள், மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. இதை நான் எல்லோரிடமும் இப்படித்தான் சொல்வேன், பஸ் லேட் என்று சொல்வதுபோல. கருவி நன்றாக வேலை செய்தது.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஃபாதர் ஜெபத்தை முடித்துவிட்டு எங்களைப் பார்த்தார். யாராவது கதறுவார்கள், இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள், அந்த இடைவெளியில் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். அதுதான் வழக்கம். நாங்கள் சும்மா நின்றோம். சித்தப்பா போனில் மெசேஜ் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி... மூடிடலாமா?" என்றார் ஃபாதர்.

"மூடிடலாம் ஃபாதர்" என்றேன் நான்.

அம்மா ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். நாலாம் நாளே கடைக்குப் போனாள். புளியங்கொட்டை மாட்டியிருக்கிறதா என்று மேனேஜர் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கவுன்டரில் உட்காரவைத்தார். முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்கள் முன்னால் அழுகிற முகம் உட்காரக் கூடாதல்லவா? நானும் கல்லூரிக்குப் போனேன். அரியர் எழுதினேன், ஃபெயில் ஆனேன். அதற்கும் அக்கா போனதற்கு ஆன அதே அளவு வருத்தம்தான் ஆனது. சாம்பாரில் உப்பு இல்லாவிட்டாலும் அதே அளவுதான். ஒருவிதத்தில் சௌகரியம்.

வீட்டில் இருந்த ஒரே பிரச்சினை தண்ணீர் மோட்டார். அம்மா விடிகாலையில் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற மோட்டார் ரூமுக்குப் போய் சுவிட்சைப் போடுவாள், நிறுத்த மறந்துவிடுவாள். மோட்டார் லாரி மாதிரி உறுமும். தொட்டி நிறைந்து, வழிந்து, பக்கத்து வீட்டுச் சந்தனம்மா அக்கா "ஏ தண்ணிய நிறுத்துங்கடி!" என்று சுவருக்கு மேலே கத்துகிற வரைக்கும் ஓடும். எங்கள் அக்கா இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் மெலிவதை வைத்தே, நிறையப்போகிறது என்று சமையல்கட்டிலிருந்து கத்துவாள். நான் ஓடிப்போய் நிறுத்துவேன்.

ஈ.ஈ.ஈ. படிக்கிறவன் என்ற ரோஷத்தில் ஒரு ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் வாங்கி மாட்டினேன். தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நிற்கும். மறுநாளே அதன் வயர் கழன்று தொங்கியது. திரும்ப மாட்டினேன். திரும்பக் கழன்றது. வயரிங்கில் ஏதோ ஃபால்ட் என்று முடிவுகட்டி விட்டுவிட்டேன். கல்லூரியில் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் முக்கியமான விஷயம் அது: காரணம் தெரியாவிட்டால் வயரிங் ஃபால்ட்.

ஒரு வருடம் முடிய இருந்த நேரத்தில்தான் எச்.ஓ.டி. குணசீலன் சார் என்னையும் தஸ்லிமாவையும் கூப்பிட்டு அனுப்பினார். தஸ்லிமா என் பைனல் இயர் புராஜெக்ட் பார்ட்னர். வகுப்பில் நன்றாகப் படிக்கிற ஒருத்தியையும் என்னையும் ஜோடி சேர்ப்பது துறையின் வழக்கம். சராசரி மார்க் கெட்டுப்போகக் கூடாதாம்.

"இண்டஸ்ட்ரி புராஜெக்ட் வந்திருக்கு" என்றார் சார். "தணிப்பான் கம்பெனி. உள்ள இருக்கிறது நம்ம பக் கன்வெர்ட்டர்தான். நாப்பத்தெட்டு வோல்ட்ட அஞ்சு வோல்ட்டாக் குறைக்கிற சர்க்யூட். முதல் பேட்ச் ஆளுங்களுக்கு வர்ற திங்கக்கிழமை கழட்டுறாங்க. அதுக்கு முன்னாடி, ஒரு வருஷ முடிவுல எல்லாம் சரியா இருக்குன்னு சிமுலேஷன்ல காட்டணும். நீங்க காட்டப்போறீங்க."

"ஸ்டைபண்ட் ஏதாச்சும் சார்?" என்றேன்.

"அனுபவம்."

"அது அக்கவுன்ட்ல எப்ப சார் ஏறும்?" என்றாள் தஸ்லிமா. அவளுக்குப் புளியங்கொட்டை கிடையாது. அதனால் அவளுக்குக் கோபம் நன்றாக வரும்.

சார் சிரிக்கவில்லை. அவர் காதுக்குப் பின்னாலும் ஒன்று இருந்தது. அவர் மனைவி வசந்தா மேடம் போனதிலிருந்து.

கம்பெனி அனுப்பிய ஃபைலை லேபில் திறந்தோம். எங்கள் லேபில் கம்ப்யூட்டர்களுக்கு ஏ.சி. உண்டு. எங்களுக்கு அந்த ஏ.சி.யின் சத்தம் உண்டு. ரன் பட்டனை அழுத்தியதும் சிவப்பில் ஒரு எரர். கிரவுண்ட் மாட்டவில்லை. மாட்டினோம். அடுத்த எரர். டயோடு தலைகீழாக இருந்தது, திருப்பினோம். அதற்கப்புறம் ஓடியது, ஆனால் அவுட்புட் வலிப்பு வந்தவன் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. கெப்பாசிட்டரின் மதிப்பில் யாரோ ஒரு சைபரை விட்டிருந்தார்கள்.

"இத வச்சா ஆளுங்க காதுல மாட்டுறாங்க?" என்றாள் தஸ்லிமா.

"கருவில சரியாத்தான் இருக்கும். இது சிமுலேஷன்தானே."

"சிமுலேஷன்லயே இப்படின்னா?"

"தஸ்லி, எனக்கு ஒரு டவுட். இது துக்கத்த எப்படிக் குறைக்குது?"

அவள் என்னைப் பார்த்தாள். "நீ மூணு தடவ இந்தப் பேப்பர் எழுதியிருக்க."

"அதனாலதான் கேக்குறேன்."

பேனா மூடியைக் கடித்துக்கொண்டே சொன்னாள். "குறைக்கவே இல்ல. முழு நாப்பத்தெட்டையும் விடுது, உடனே நிறுத்துது. விடுது, நிறுத்துது. செகண்டுக்கு லட்சம் தடவ. நடுவுல இந்தச் சுருளும் கெப்பாசிட்டரும் அத வாங்கி, சமமாக்கி, அஞ்சா வெளிய அனுப்புது. லோடுக்கு, அதாவது உனக்கு, அஞ்சு மட்டும்தான் தெரியும்."

"சோர்ஸ், அதாவது உள்ள வர்ற துக்கம், கூடினா?"

"அஞ்சு."

"குறைஞ்சா?"

"அஞ்சுதான். அதுக்குப் பேரு ரெகுலேஷன். உன் மூஞ்சியப் பாத்தா தெரியல?"

நான் மானிட்டரின் கறுப்பு ஓரத்தில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். ஐந்தாகத்தான் இருந்தது.

அவுட்புட் கோடு சலவை மடிப்புபோல நேராக வந்ததும், ரெக்கார்டு நோட்டில் ஒட்டப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று நான் எழுந்தேன். தஸ்லிமா உட்கார்ந்தே இருந்தாள். படத்தின் வலது மூலையைப் பெரிதாக்கினாள்.

"டேய், இத எங்கயோ பாத்திருக்கோம்ல?"

மூலையில் குட்டியாக ஒரு இதயம் வரைந்திருந்தது. உள்ளே ஜி, வி என்று இரண்டு ஆங்கில எழுத்துக்கள்.

பார்க்காமல் என்ன? எங்கள் லேபில் எல்லா கம்ப்யூட்டரிலும் இருக்கிற பக் கன்வெர்ட்டர் ஃபைல் அது. எந்தக் காலத்து சீனியரோ வரைந்தது. அதைக் காப்பி அடித்து அடுத்த பேட்ச், அதைக் காப்பி அடித்து அதற்கடுத்த பேட்ச். எல்லோரும் பெயரை மாற்றுவார்கள், ரெஜிஸ்டர் நம்பரை மாற்றுவார்கள், அந்த இதயத்தை மட்டும் யாரும் அழித்ததில்லை. அதைத் தொட்டால் அரியர் விழும் என்று ஒரு நம்பிக்கை. நான் தொட்டதில்லை. அரியர் விழுந்தது வேறு காரணங்களால்.

"அப்ப கம்பெனில இத டிசைன் பண்ணினது நம்ம காலேஜ்காரன்" என்றேன். "பெருமையா இருக்கு." ஐந்து வோல்ட் பெருமை.

"இருக்கட்டும். சோர்ஸப் பாரு."

"சோர்ஸ யாரு பாப்பாங்க? ரெக்கார்டுல அவுட்புட் மட்டும்தான் ஒட்டணும்."

"ஒரு வருஷம் கழிச்சுத் துக்கம் எவ்வளவு மிச்சம்னுதான் அவங்க கேட்டிருக்காங்க. அது சோர்ஸ் பக்கம்தானே இருக்கு?"

ஒரு வருடத்தை அப்படியே ஓட்டினால் எங்கள் லேப் கம்ப்யூட்டருக்கு அதை முடிக்க என் பேரன் வர வேண்டியிருக்கும். அதனால் அவள் சராசரிக் கணக்கு ஒன்றை எழுதி, வருடத்தைச் சுருக்கி ஓடவிட்டாள். கோடு வந்தது. முதல் நாள் நாற்பத்தெட்டு. கடைசி நாள் நாற்பத்தெட்டு. நடுவில் எங்கும் அசையவில்லை.

"பேட்டரி சிம்பல் போட்டிருக்கான்" என்றாள். "டூல்பார்ல முதல்ல இருக்கிறதே அதுதான். அது தீரவே தீராத பேட்டரி. எவ்வளவு இழுத்தாலும் நாப்பத்தெட்டுதான். ரெக்கார்டுக்கு அது போதும். மனுஷனுக்கு?"

அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு எச்.ஓ.டி. அறைக்குப் போனோம். சார் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினோம். அவர் முதலில் பார்த்தது மூலையை.

ரொம்ப நேரம் பார்த்தார்.

"அது பழைய சீனியர் யாரோ சார்" என்றேன். "அழிச்சிடவா?"

"வேணாம்." டப்பாவின் மூடியை இன்னொரு தடவை அழுத்தினார். "இருக்கட்டும். நான் போட்டதுதான். தேர்ட் இயர்ல."

தஸ்லிமா என் காலை மிதித்தாள். தேவையே இல்லை, நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சார் சாதாரணமாகவே சொன்னார். "அவ பக்கத்து சிஸ்டம். என்ன சோர்ஸ் போடறதுன்னு கேட்டா. பேட்டரி போட்டுரு, ஈஸின்னேன். அவ்வளவுதான். அது இவ்வளவு தூரம் போகும்னு யாருக்குத் தெரியும்."

"மாத்தணும் சார்" என்றாள் தஸ்லிமா. அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "துக்கம் தீரும்னு வச்சுக்கிட்டா அது பேட்டரி இல்ல, சார்ஜ் ஏத்தின கெப்பாசிட்டர், இழுக்க இழுக்கத் தீரும். அத மாத்தி ரன் பண்ணலாமா?"

"பண்ணு."

அங்கேயே மாற்றினாள். முதலில் தணிப்பான் இல்லாமல், சோர்ஸை நேராக லோடில் கொடுத்து ஓட்டினாள். கோடு பயங்கரமாக ஆரம்பித்தது. லோடின் சூடு எகிறியது. அப்புறம் சரிந்தது, சரிந்துகொண்டே வந்தது, வருடக் கடைசியில் தரையோடு தரையாகக் கிடந்தது.

"கம்பெனிக்காரன் நேராக் கொடுத்தா லோடு எரிஞ்சிடும்னுல்ல சொல்றான்?" என்றேன்.

"எரியல. சூடாகுது, ஆறுது." அடுத்து தணிப்பானைச் சேர்த்து ஓட்டினாள். அவுட்புட் அழகாக ஐந்து. சோர்ஸ் கோடு நாற்பத்தெட்டிலிருந்து புறப்பட்டு, வருடக் கடைசியில் நாற்பத்தேழு சொச்சத்தில் நின்றது.

நான் இரண்டு கோடுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

"இது வயரிங் ஃபால்ட் இல்லையே?" என்றேன்.

"இல்லடா. சர்க்யூட் ஒழுங்கா வேலை செய்யுது. பக் கன்வெர்ட்டர் சோர்ஸ்லேர்ந்து ரொம்பக் கொஞ்சமாத்தான் இழுக்கும். அதான் அதோட பெருமையே. போன் பேட்டரி சீக்கிரம் தீராம இருக்கிறதுக்குத்தான இத வைக்கிறாங்க? இங்கயும் அப்படித்தான். தீராமப் பாத்துக்குது." கால்குலேட்டரை எடுத்தாள். நாற்பத்தெட்டை ஐந்தால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கினாள். "தொண்ணூத்திரெண்டு. ஒரு வருஷத்துல தீர வேண்டியது, இதப் போட்டா தொண்ணூத்திரெண்டு வருஷம் ஆகும். எப்பக் கழட்டினாலும் உள்ள புதுசா, முழுசா இருக்கும்."

எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை அவள் பெயரும் என் பெயரும் கழற்றுகிற வரிசையில் இருந்தன. ஒரு வருடமாக உள்ளே இருக்கிற அக்கா மொத்தமாக அம்மா மேல் விழுவாள். ஐந்து அளவுக்குக் கவலைப்பட்டேன். அவ்வளவுதான் முடிந்தது.

"அப்ப ஒரேயடியா எல்லாருக்கும் விழுந்தா என்ன பண்றது?" என்று கேட்டேன்.

தஸ்லிமா லோடுக்குப் பக்கத்தில் இன்னொரு லோடை இணைத்தாள். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஓட்டினாள். "இப்படி. பக்கத்துல ஆள் இருந்தா சீக்கிரம் தீரும். எங்க அத்தா மவுத்தானப்ப எங்க வீட்ல அப்படித்தான் இருந்துச்சு. கூடம் நெறையப் பொம்பளைங்க, அழுதுக்கிட்டு."

"ஆளுக்குக் கொஞ்சமாப் பிரிஞ்சிடுமா?"

"அதான் இல்ல. இணையா மாட்டினா எல்லாருக்கும் அதே நாப்பத்தெட்டு வோல்ட்தான். ஒருத்தருக்கும் குறையாது. ஆனா சீக்கிரம் தீரும்."

குணசீலன் சார் ஜன்னலுக்கு வெளியே பஸ்கள் நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சோர்ஸ் கிராஃபையும் சேத்து அனுப்புங்க. என் கையெழுத்துலயே போகட்டும்" என்றார்.

"சார், நீங்க கழட்டலையா?"

"வீட்ல யாருப்பா இருக்கா, இணையா மாட்டிக்கிறதுக்கு?" என்றார். "அஞ்சுலயே இருந்துட்டுப் போறேன். பழகிருச்சு."

தஸ்லிமா லேப்டாப்பை மூடாமல் நின்றாள். "சார், நாங்க சாயங்காலம் லேப் முடிஞ்சு சும்மாதான் இருக்கோம்" என்றாள். சார் டப்பாவைப் பைக்குள் வைத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

கம்பெனியிடமிருந்து பதில் இரண்டு நாளில் வந்தது. கல்லூரி சரித்திரத்தில் அவ்வளவு சீக்கிரம் எதற்கும் பதில் வந்ததில்லை. தஸ்லிமா அதை லேபில் சத்தமாகப் படித்தாள்.

"உங்கள் ஆய்வுக்கு நன்றி. அவுட்புட் மிகவும் திருப்திகரமாக உள்ளது. சோர்ஸ் குறித்த உங்கள் கண்டுபிடிப்பு எங்களுக்குப் பெரிதும் பயன்பட்டது. அதன் அடிப்படையில், திங்கட்கிழமை கழற்றும் முகாம் ரத்து செய்யப்படுகிறது. கருவியைக் கழற்றுவது ஆபத்தானது எனப் பயனாளர்களுக்குத் தெரிவிக்கப்படும். தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளுக்கான பேட்டரித் திட்டம் விரைவில் அறிமுகமாகும்."

படித்து முடித்ததும் அவள் மவுஸை மேசையில் ஓங்கி அடித்தாள். லேப் இன்சார்ஜ் எட்டிப் பார்த்தார். "மவுஸ் ஒர்க் ஆகல சார்" என்றேன். இப்போது நிஜமாகவே ஒர்க் ஆகவில்லை.

"சிரிக்காதடா" என்றாள் தஸ்லிமா.

"நான் சிரிக்கலியே."

"அதத்தான் சொல்றேன். உன் மூஞ்சில என்ன இருக்குன்னே தெரியல. வீட்டுக்குப் போ. உங்கம்மாகிட்ட யாராச்சும் மெசேஜ்ல சொல்றதுக்கு முன்னாடி நீ போய்ச் சொல்லு."

அன்று அம்மாவுக்கு வார விடுமுறை. நான் போனபோது மத்தியான வெயில் வாசல்வரை வந்திருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா இந்நேரத்துல? சஸ்பெண்டா?"

"இல்லம்மா. திங்கக்கிழமை கழட்டலையாம். ஆயுசுக்கும் போட்டுக்கணுமாம்."

"எத?"

"புளியங்கொட்டைய."

"ஏனாம்?"

தெரிந்த வரைக்கும் சொன்னேன். நாற்பத்தெட்டு, ஐந்து, கெப்பாசிட்டர், இதயம், தொண்ணூற்றிரண்டு. அம்மா உரிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கதையில் அவளுக்குப் பிடித்தது இதயம்தான். "பாவம் அந்த சாரு" என்றாள். "நீ கழட்டிராதம்மா" என்று நான் முடித்தேன். "உள்ள எல்லாம் அப்படியே இருக்கும். மொத்தமா விழும். எரிஞ்சிடும்னு கம்பெனிக்காரன் சொல்றான்."

அம்மா கையை முந்தானையில் துடைத்தாள். காதுக்குப் பின்னால் விரலை விட்டுத் தணிப்பானை எடுத்து, உரித்த வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நான் எழுந்துவிட்டேன். "அம்மா!"

"உக்காருடா. பிரிச்சுப் பாரு. நீதான் படிச்சவன்ல."

நகத்தால் மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்த பேட்டரி வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் போட்டுக் கொடுத்த முதல் பேட்டரி.

"அது ஒரு வாரம் ஓடுச்சு. தீந்துச்சு. நான் மாத்தல" என்றாள். எழுந்து ஊசி நூல் வைக்கிற பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். மாதாமாதம் நான் மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்த பேட்டரி அட்டைகள் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. "கடையில காதப் பாப்பான். பேட்டரியவா பாப்பான்?"

நானும் பார்த்ததில்லை. ஒரு வருடமாக அம்மா கடைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். அவுட்புட் சரியாக இருந்தது.

"அப்ப நீ அழவே இல்லியேம்மா. நான் பாக்கவே இல்லியே."

"நீ தூங்குவ."

"எங்க வச்சு அழுத?"

அம்மா மாடிப்படிப் பக்கம் பார்த்தாள். "வெளிய சத்தம் கேட்டா சந்தனம்மா கேப்பா. அவ கேட்டா தெருவுக்கே தெரியும். தெரு பூரா நம்ம கடைக்குத்தான் துணி எடுக்க வருது. வேலை போயிரும்ல." மறுபடி உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்தாள். "நீ வேற எதையோ மாட்டி மாட்டி மோட்டார நிப்பாட்டுற. பாதில நின்னுச்சுன்னா எனக்கு வாயப் பொத்த வேண்டியிருக்கு. நாந்தான் வயரப் புடுங்கிப் போட்டேன்."

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"இருக்கு. உங்கப்பா போனப்ப இந்தக் கருமம் எல்லாம் இல்ல. ரெண்டு வருசம் ஆச்சு. ஆனா ஆச்சுல்ல. இப்ப அவளையும் நெனைக்க முடியுது. போன வாரம் கடையில ஒரு பொண்ணு, அவள மாதிரியே, கத்தரிப்பூக் கலர் வேணும்னு நின்னுச்சு. பில் போட்டுக்கிட்டே சிரிச்சேன்."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீ நல்லாச் சாப்பிட்ட, பரிச்சை எழுதின. ஏன் அழ வைக்கணும்னு விட்டுட்டேன்." வெங்காயத் தோலை விரலால் ஒதுக்கினாள். "அப்புறம்தான் பயமாயிருச்சு. அவ பேரச் சொன்னாலும் ஒரே மாதிரி இருக்க. பிறந்த நாளுக்குக் கேக் வெட்டினாலும் ஒரே மாதிரி இருக்க. ஒரு வருசம் முடியட்டும், கழட்டினா எம்புள்ள திரும்பி வந்துருவான்னு நாள எண்ணிட்டு இருந்தேன். இப்ப வந்து ஆயுசுக்கும்ங்கிற."

தெருவில் உப்பு வண்டி ஒன்று மைக்கில் கத்திக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்தோம்.

"உனக்குள்ள எவ்வளவு இருக்காம்?" என்று கேட்டாள் அம்மா.

"முழுசா."

"முழுசாவா." கத்தியைத் தள்ளி வைத்தாள். "சரி. கழட்டு."

"இப்பவா?"

"பின்ன? முகாம் வச்சு வரிசைல நின்னு, டோக்கன் வாங்கி அழப்போறியா?"

"எரிஞ்சிடும்னு சொல்றான்ம்மா."

"நான் எரிஞ்சா போயிட்டேன்?"

அதற்கு என்னிடம் கிராஃப் இல்லை. "பக்கத்துல ஒரு ஆள் இருந்தா சீக்கிரம் தீருமாம்" என்றேன். "தஸ்லிமா சொன்னா. ஆனா அந்த ஆளுக்கும் அதே அளவு வரும்."

"அந்தப் புள்ள நல்லாப் படிக்குது" என்றாள் அம்மா.

காதுக்குப் பின்னால் விரலை வைத்தேன். ஒரு வருடத்தில் அது என் எலும்பு மாதிரியே ஆகியிருந்தது. அம்மா எழுந்து மாடிப்படிக்குக் கீழே போனாள்.

"அம்மா, காலையிலதான் மோட்டார் போட்ட. தொட்டில தண்ணி முக்காவாசி இருக்கும்."

"தெரியும்."

மோட்டார் உறுமியது. தரை லேசாக அதிர்ந்தது. அம்மா திரும்பி வந்து வெங்காயத் தட்டைத் தள்ளிவிட்டு என்னை ஒட்டி உட்கார்ந்தாள். உள்ளங்கையை விரித்து நீட்டினாள். நான் தணிப்பானை எடுத்து, பேட்டரியைத் தனியாகப் பிரித்து, இரண்டையும் அதில் வைத்தேன்.

முதலில் ஒன்றுமே ஆகவில்லை. இதுவும் வயரிங் ஃபால்ட் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

மேலே, தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் மெலிய ஆரம்பித்தது. சமையல்கட்டிலிருந்து அக்கா இப்போது கத்துவாள் என்று, ஓடுவதற்குத் தயாராக, நான் கதவைப் பார்த்தேன்.